ஒரே மாதிரி இரண்டு வாத்துகள்

பல்கலைக்கழகத்தின் உளவியல் கட்டடத்தில், மூன்றாவது மாடியில், கழிப்பறைக்கும் மின்சாரப் பலகைக்கும் நடுவே உள்ள அறையில் மனித அறிவின் தோற்றம் ஆராயப்படுகிறது. கதவில் அப்படித்தான் எழுதியிருக்கிறது. அதற்குக் கீழே, அதைவிடப் பெரிய எழுத்தில், 'செருப்பைக் கழற்றவும். குழந்தைகள் தரையை நக்குவார்கள்' என்றும் எழுதியிருக்கிறது. எல்லோரும் இரண்டாவதைத்தான் படிக்கிறார்கள்.

அந்த அறையில் பதினொரு வருஷமாக முட்டி போட்டுக்கொண்டிருக்கும் ஒரு பெண்மணியின் வரலாறு இது. பதறவேண்டாம். தண்டனை அல்ல, உத்தியோகம்.

வயது நாற்பத்தெட்டு. கட்டடத்தில் எல்லோரும் அவரைக் கையக்கா என்பார்கள். வேலை நேரத்தில் அவருடைய கைகள் மட்டுமே உலகத்துக்குத் தெரியும் என்பதால் வந்த பெயர். அறையின் ஒரு பக்கம் பொம்மலாட்ட மேடை மாதிரி ஒன்று இருக்கிறது. அதன் மேல் இரண்டு மரப்பெட்டிகள். பின்னால் கறுப்புத் துணி, துணியில் இரண்டு கிழிசல்கள். எதிரே ஒரு நாற்காலி. நாற்காலியில் ஒரு தாய். தாயின் மடியில், மேன்மை தங்கிய ஐந்து மாதக் குழந்தை.

துணிக்குள்ளிருந்து வெள்ளை உறை போட்ட இரண்டு கைகள் வரும். மஞ்சள் ரப்பர் வாத்து ஒன்றை இடப்பக்கப் பெட்டிக்குள் இறக்கி மூடும். சற்றுப் பொறுத்து, அதே பெட்டியைத் திறந்து வாத்தை எடுத்துக் காட்டும். இது உலகத்தில் நடப்பது. அடுத்த முறை வாத்து ஒரு பெட்டிக்குள் இறங்கும், மற்றப் பெட்டியிலிருந்து எழும்பும். இது உலகத்தில் நடக்காதது. அந்தப் பெட்டியில் அதே மாதிரி இன்னொரு வாத்து காலையிலிருந்தே படுத்துக்கிடக்கிறது என்பது கையக்காவுக்குத் தெரியும், நமக்கும் தெரியும், குழந்தைக்குத் தெரியாது.

நடக்காததைக் குழந்தை கூடுதல் நேரம் உற்றுப் பார்த்தால், அது வியக்கிறது என்று பொருள். வியக்கிறது என்றால், போட்ட பொருள் போட்ட இடத்தில்தான் இருக்கும் என்ற ஞானம் அதற்கு ஏற்கனவே இருக்கிறது என்று பொருள். ஞானம் இருந்தால் கட்டுரை. கட்டுரை வந்தால் அடுத்த மூன்று வருஷத்துக்கு ஆராய்ச்சி. ஆராய்ச்சி நடந்தால் கையக்காவுக்கு வேலை. இவ்வளவு நீளமான சங்கிலியின் ஒரு முனையைத்தான் அந்தக் குழந்தை வாயில் போட்டுச் சப்பிக்கொண்டிருக்கிறது.

ஆராய்ச்சி நேர்மையாக நடக்க வேண்டும் என்பதற்காகப் பேராசிரியை சில சட்டங்களை வகுத்திருந்தார். தாய் தன்னை அறியாமல் குழந்தைக்குச் சாடை காட்டிவிடக்கூடும். அதனால் தாயின் கண்ணுக்கு ஒளி புகாத கறுப்புக் கண்ணாடி, காதுக்கு இசை ஓடும் ஹெட்போன். குழந்தை எவ்வளவு நேரம் பார்க்கிறது என்று அளப்பவர் பக்கத்து அறையில் இருப்பார். அவருக்கு முன்னால் சத்தமில்லாத திரை. திரையில் குழந்தையின் முகம் மட்டும். குழந்தை மேடையைப் பார்க்கும்போது ஒரு பொத்தானை அழுத்திப் பிடிக்க வேண்டும், கண்ணை எடுத்ததும் விட்டுவிட வேண்டும். மேடையில் என்ன நடக்கிறதென்று அவருக்குத் தெரியவே கூடாது. கையக்காவுக்கோ மேடையில் நடப்பது தெரியும், குழந்தையின் முகம் தெரியாது. ஆக, பார்ப்பதை அளப்பவருக்குக் காட்டுவது தெரியாது, காட்டுபவருக்குப் பார்ப்பது தெரியாது, மடியில் வைத்திருப்பவருக்கு எதுவுமே தெரியாது. அந்தக் கட்டடத்தின் மற்ற அலுவலகங்களில் இந்த நிலைமை தானாகவே அமைந்திருந்தது. இங்கே மட்டும் பாடுபட்டு உண்டாக்கியிருந்தார்கள்.

பொத்தான் அழுத்துபவருக்குப் பொத்தான் அண்ணன் என்று பெயர். ஐம்பத்தெட்டு வயது, கனத்த உடம்பு, இளைத்த மீசை. அவரும் கையக்காவும் பதினொரு வருஷமாக ஒரே சுவரின் இரண்டு பக்கங்களில் ஒரே வேலையைச் செய்துகொண்டு, அந்த வேலையைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசிக்கொள்ளாமல் வாழ்ந்து வந்தார்கள். பல தம்பதிகளுக்குக் கிட்டாத ஒழுங்கு.

வாத்தைத் தூக்கி இறக்குவது கையக்காவின் வேலையில் பாதிதான். மீதிப் பாதி: தாய்மார்களுக்குப் போன் போடுவது, அவர்கள் வராவிட்டால் மறுபடி போடுவது, வந்தால் வாசலில் நின்று வரவேற்பது, படிவத்தில் எங்கே கையெழுத்து என்று காட்டுவது, குழந்தைகள் வாயில் வைத்த நாற்பத்திரண்டு பொம்மைகளையும் மாலையில் கிருமிநாசினி போட்டுக் கழுவுவது. வந்த குழந்தைகளில் மூன்றில் ஒன்று அழும், ஒன்று தூங்கிவிடும். மிச்சமுள்ள ஒன்றுதான் அறிவியலுக்கு. அதுவும் சரியாக நாலாவது வாத்தின்போது முகம் சிவந்து முக்க ஆரம்பித்தால், அன்றைய அறிவியல் டயப்பரோடு போச்சு.

சென்ற மழைக்காலத்தில் கையக்காவின் இடது முழங்கால் பந்துபோல் வீங்கியது. மருத்துவர் அமுக்கிப் பார்த்தார்.

"என்ன வேலை பாக்குறீங்க?"

"முட்டி போடுற வேலை சார்."

"எந்த ஸ்கூல்ல?" என்று கேட்டுத் தானே சிரித்துக்கொண்டு, ஆறு வாரம் ஓய்வு எழுதிக் கொடுத்தார்.

அந்த ஆறு வாரமும் துணிக்குப் பின்னால் உட்கார்ந்தது ஆராய்ச்சி மாணவி. இருபத்தொன்பது வயது. ஐந்து வருஷமாக அந்த அறையில்தான் பட்டத்துக்குப் பாடுபடுகிறாள். பேராசிரியை பெயர் வாங்கியதே வாத்துச் சோதனையால்தான். அதையே இன்னொரு தலைமுறைக் குழந்தைகளிடம் செய்து காட்டுவது மாணவியின் ஆய்வேடு. இருபத்தெட்டுக் குழந்தைகளைக் கண்டாள். அழாமல், தூங்காமல், முக்காமல் இருபத்தெட்டு. அதற்கே ஒரு பட்டம் தரலாம்.

ஆறு வாரம் கழித்துக் கையக்கா படியேறி வந்தபோது (லிஃப்ட் அன்றும் ஓடவில்லை) பொத்தான் அண்ணன் வாசலிலேயே பிடித்துக்கொண்டார்.

"வாம்மா வா. நீ இல்லாம வாத்து இளைச்சுப் போச்சு."

"என்ன அண்ணே, ரூமே எழவு வீடு மாதிரி இருக்கு?"

"எழவுதான். அந்தப் பொண்ணு பண்ணுன இருபத்தெட்டுலயும் ஒண்ணுமே வரல. வாத்து மாயமா வந்தாலும் சரி, மரியாதையா வந்தாலும் சரி, எல்லாப் பிள்ளையும் ஏழு செகண்ட் பாக்குது, கொட்டாவி விடுது. மேடம் ரெண்டு நாளா யார்கூடயும் பேசல."

"அதுக்கு அவ என்ன பண்ணுவா?"

"அவ கைதான் சரியில்லையாம்."

பேராசிரியை கெட்டவர் அல்ல. அறுபத்தொரு வயது. ஒரு கண்ணாடி மூக்கிலும் ஒன்று தலையிலும் இருக்கும், மூன்றாவதைத் தேடிக்கொண்டிருப்பார். ஆனால் பாடப்புத்தகம் வரை போய்விட்ட ஒரு வாத்து, திடீரென்று ஒரு மாணவியின் கையில் செத்துக் கிடந்தால், வாத்தைச் சந்தேகிப்பதா மாணவியைச் சந்தேகிப்பதா? அவர் அறிவியல் முறைப்படி யோசித்து மாணவியைச் சந்தேகித்தார்.

"உன் கை தூங்குதும்மா," என்று எல்லோர் எதிரிலும் சொன்னார். "அக்கா கையைப் பாரு. வாத்து வெளிய வரும்போது அதுல ஒரு... ஒரு வரவு இருக்கு. உன்னுது ஏதோ ஃபைல் எடுக்குற மாதிரி இருக்கு."

முடிவு இதுதான்: கையக்கா அதே சோதனையைப் பதினாறு குழந்தைகளிடம் திரும்பச் செய்வார். வித்தியாசம் வந்தால், மாணவியின் இருபத்தெட்டும் கவனக்குறைவு என்று குப்பைக்குப் போகும். ஏற்கனவே இரண்டு முறை கெடு கொடுத்திருந்த மேற்பார்வைக் குழு, மாதக் கடைசியில் அவள் பதிவை ரத்து செய்யும். ஐந்து வருஷமும் அதோடு சரி.

கையக்கா மறுபடி முட்டி போட்டார். கீழே இரண்டு மடிப்பாகப் போர்வை. முதல் நாள் இரண்டு குழந்தைகள், மறுநாள் மூன்று. பொத்தான் அண்ணன் சட்டப்படி வாயைத் திறக்கவில்லை, ஆனால் அவருடைய மீசை நிமிர்ந்திருந்தது. எட்டாவது குழந்தைக்குப் பிறகு பேராசிரியை கணினியிலிருந்து தலையைத் தூக்கி ஒரே நாளில் இரண்டாம் முறையாகச் சிரித்தார்.

"வந்துடுச்சு அக்கா. அதே ஒன்பது செகண்ட் வித்தியாசம். கைன்னா இது கை."

கையக்காவுக்கு உள்ளூரக் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது. அதை மறைப்பதில் பயனில்லை. பொழுது முழுக்கத் துணிக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவருக்கு யாராவது கையைப் புகழ்ந்தால் கசக்கவா செய்யும்?

அன்று மாலை மாணவி பொம்மை கழுவ வந்து நின்றாள். கண் வீங்கியிருந்தது.

"அக்கா, ஒரே ஒரு தடவை பாருங்க. நான் எங்க தப்பு பண்றேன்னு மட்டும் சொல்லிடுங்க."

"பண்ணு பாப்போம்."

அவள் துணிக்குப் பின்னால் போனாள். கையக்கா தாயின் நாற்காலியில் உட்கார்ந்து ஒரு தடவைக்கு மூன்று தடவை பார்த்தார். வாத்து இறங்கியது, மறைந்தது, எழும்பியது. குறை சொல்ல ஒன்றுமில்லை. சொல்லப்போனால் தன்னுடையதைவிடச் சுத்தமாக இருந்தது. எந்தச் சலனமும் இல்லாமல் ஒரு பெட்டியிலிருந்து மற்றதற்குப் போனாள். வயசுப் பிள்ளை.

"நல்லாத்தானே இருக்கு?"

"அப்புறம் ஏன் அக்கா வரல?"

"கொஞ்சம் பயப்படாம பண்ணு," என்றார் கையக்கா. சொன்னதும் தனக்கே வெட்கமாக இருந்தது. ஒன்றும் தெரியாதவர்கள் சொல்லும் யோசனை அது.

ஒன்பதாவது குழந்தை வியாழக்கிழமை வந்தது. தாய் ஒரு வங்கி ஊழியர், ரொம்ப மரியாதைப்பட்டவர். முடிந்ததும் கறுப்புக் கண்ணாடியையும் ஹெட்போனையும் கழற்றிக் கொடுத்துவிட்டுத் தயங்கினார்.

"தப்பா நினைக்காதீங்க. இதுல பாட்டு வரவே இல்ல. சார்ஜ் போயிருக்கும்போல. நடுவுல சொன்னா சோதனை கெட்டுடும்னு பேசாம இருந்துட்டேன்."

"பரவாயில்லம்மா. நீங்க கண்ணை மூடித்தானே இருந்தீங்க."

"மூடித்தான் இருந்தேன். ஆனா நடுவுல நடுவுல ஏதோ 'டொக்'னு உடைஞ்சுதே, அது என்னங்க? ஒவ்வொரு தடவ அது வரும்போதும் பாப்பா விறைச்சு நிமிர்ந்து உக்காந்தா. என் மடியிலதானே இருந்தா, எனக்குத் தெரிஞ்சுது."

"எத்தனை தடவை கேட்டுச்சு?"

"மூணு. ஒண்ணு விட்டு ஒண்ணு வந்துச்சு."

ஒரு குழந்தைக்கு ஆறு வாத்து. மூன்று நடப்பது, மூன்று நடக்காதது. ஒன்று விட்டு ஒன்று.

கையக்கா அந்த அம்மாளை வாசல்வரை வழியனுப்பிவிட்டு வந்தார். துணிக்குப் பின்னால் போய் முட்டி போட்டார். இடப்பக்கப் பெட்டியில் வாத்தை இறக்கி, அங்கேயே எடுத்தார். அசையத் தேவையில்லை. மறுபடி இறக்கினார். இப்போது மற்றப் பெட்டிக்குப் போக வேண்டும். உடம்பின் பாரத்தை ஒரு முழங்காலிலிருந்து மற்றதற்கு மாற்றி எட்ட வேண்டும். எந்தப் பக்கத்திலிருந்து எந்தப் பக்கம் போனாலும் இடது கால் ஒரு தடவை மடங்கியே தீரும். மாற்றினார்.

டொக்.

காய்ந்த குச்சியை ஒடித்த மாதிரி. பதினொரு வருஷமாகத் தன் உடம்பிலிருந்தே வந்த சத்தம். கேட்டுக் கேட்டு, கேட்காமலே போய்விட்டது.

தாய்க்குக் காதில் இசை. பொத்தான் அண்ணனுக்குச் சத்தமில்லாத திரை. பேராசிரியைக்கு எண்கள். எல்லோருடைய காதையும் நேர்மையின் பொருட்டுப் பொத்தி வைத்திருந்தார்கள். அந்த அறையில் காது திறந்திருந்தது குழந்தைக்கு மட்டும்தான்.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில், மாணவியும் பேராசிரியையும் வெளியே போயிருந்தபோது, கையக்கா பொத்தான் அண்ணனை அழைத்து வந்து தாயின் நாற்காலியில் உட்காரவைத்தார். நாற்காலி முனகியது.

"அண்ணே, கண்ணாடியைப் போட்டுக்குங்க. ஏதாவது கேட்டா கையைத் தூக்குங்க."

"என்ன கேட்டா?"

"அத சொல்லிட்டா அப்புறம் என்ன சோதனை?"

"அடேங்கப்பா. பேராசிரியை ஆயிட்ட. என் மடியில பிள்ளை வேணாமா?"

"உங்க தொப்பையே போதும். பேசாம உக்காருங்க."

ஆறு வாத்து. மேடை ஓர இடுக்கு வழியாகக் கையக்கா பார்த்துக்கொண்டார். இரண்டாவதில் அண்ணன் கை தூக்கினார். நாலாவதில் தூக்கினார். ஆறாவதில் தூக்கியதோடு கண்ணாடியையும் கழற்றிவிட்டார்.

"உள்ள ஏதோ உடையுதும்மா. பெட்டிக் கீல் போயிடுச்சா?"

"கீல்தான். என்னோடது."

துணியை விலக்கிக்கொண்டு வந்து காலை நீட்டித் தரையில் உட்கார்ந்து, எல்லாவற்றையும் சொன்னார். பொத்தான் அண்ணன் மீசையைத் தடவினார்.

"அப்ப நான் பதினொரு வருஷமா அளந்தது..."

"என் முட்டிய."

"கருமம்." சற்று யோசித்தார். "அப்ப அந்தப் பொண்ணு பண்ணுனதுதான் சரியா?"

"அவ முட்டி சத்தம் போடல. பிள்ளைங்களும் சும்மா பாத்துச்சுங்க."

"சரி. இத என்கிட்ட சொன்ன. இதோட விடு."

"எப்படிண்ணே விடுறது? மாசக் கடைசியில அவள வெளிய தள்ளப்போறாங்க."

"அவளுக்கு வயசு இருக்கு. வேற எங்கயாவது போயி பொழைச்சுக்குவா. நீ போய் இத சொன்னா வாத்து போச்சு, வாத்து போனா இந்த ரூமே போச்சு. எனக்கு ரிட்டயர் ஆக ரெண்டு வருஷம் இருக்கு. ஆபீஸ்ல எங்கயாவது ஒரு மூலையில போடுவாங்க. நீ காண்ட்ராக்ட். இந்தக் காலோட உனக்கு எவன் வேலை குடுப்பான்? நல்லா கேட்டுக்க, உனக்கு ஒண்ணும் தெரியாது. எனக்கும் ஒண்ணும் தெரியாது. எனக்குத் தெரியக்கூடாதுன்னு சட்டமே இருக்கு."

அவர் எழுந்து தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். சட்டத்தை அவ்வளவு பக்தியோடு அவர் கடைப்பிடித்து யாரும் பார்த்ததில்லை.

கையக்காவின் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். ஊரிலுள்ள பாதிக் கட்டடங்களின் லிஃப்ட் அவரால்தான் ஓடுகிறது, அல்லது அவரால்தான் நிற்கிறது. சாயங்காலம் அவர் கையில் கிரீஸ் போக எலுமிச்சைச் சோப்பைத் தேய்த்துக்கொண்டிருக்கும்போது கையக்கா சமையலறை வாசலில் வந்து நின்றார்.

"என்னங்க, என் முட்டி சத்தம் போடுதா?"

"எந்த முட்டி?"

"இடது."

"போடுது."

"எப்பலேர்ந்து?"

"சின்னவன் பொறந்ததுலேர்ந்து. அவனுக்கு இப்போ பதினாலு. நீ அடுப்படிக்குப் போறியா, பாத்ரூம் போறியான்னு சத்தத்த வச்சே சொல்லிடுவேன்."

"இத்தன வருஷத்துல ஒரு வார்த்த சொன்னீங்களா?"

"என்னன்னு சொல்றது? பொண்டாட்டி நடமாடுறான்னா?"

கையக்கா சிரிக்கவில்லை. அவர் குழாயை மூடிவிட்டுத் திரும்பிப் பார்த்தார். அப்புறம் முழுக்கதையையும் கேட்டார். கேட்டு முடித்துத் துண்டில் ஒவ்வொரு விரலாகத் துடைத்தார்.

"நீங்க சொல்லுங்க. லிஃப்ட்ல இந்த மாதிரி ஒரு சத்தம் வந்தா என்ன பண்ணுவீங்க?"

"போர்டு மாட்டி நிறுத்திடுவேன்."

"ஜனங்க திட்ட மாட்டாங்களா?"

"திட்டத்தான் செய்வாங்க. படி ஏறிக்கிட்டே திட்டுவாங்க." கொஞ்சம் பொறுத்து, "நாமளும் ஏற வேண்டியதுதான். என்ன, உனக்குத்தான் கால் வலிக்கும்," என்றார்.

ஒட்டுக்கேட்டிருந்த சின்னவன் அன்று இரவு இரண்டு தடவை அம்மாவை வேண்டுமென்றே தண்ணீர் கேட்டு எழுப்பி, சத்தம் வருகிறதா என்று காது கொடுத்துப் பார்த்து அடி வாங்கினான்.

திங்கட்கிழமை காலை பேராசிரியை மேற்பார்வைக் குழுவுக்குக் கடிதம் அடித்துக்கொண்டிருந்தார். கையக்கா உள்ளே போய் நின்றார்.

"மேடம், அந்தப் பொண்ணு கை நல்ல கை. என் கால்தான் சரியில்ல."

"ரொம்ப வலிக்குதா அக்கா? இன்னும் ஏழு குழந்தைதான். பொறுத்துக்குங்க, அப்புறம் லீவு எடுத்துக்கலாம்."

"வலி இல்ல மேடம். சத்தம்."

சொன்னார். மூச்சு விடாமல், வரும்போது பஸ்ஸில் ஒத்திகை பார்த்த வரிசையில் சொன்னார். பேராசிரியை மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். தலைக் கண்ணாடியைப் போட்டார். அதையும் கழற்றினார்.

"ஒரு முட்டி சத்தம். அவ்வளவு தூரத்துல. அது ஒரு அஞ்சு மாசக் குழந்தைக்குக் கேக்கும்னு சொல்றீங்க?"

"போன வருஷம் நீங்கதான் மேடம் எழுதுனீங்க, அதுங்களுக்கு ஊசி விழுந்தாலும் கேக்கும்னு. நான்தான் பிரிண்ட் எடுத்துக் குடுத்தேன்."

பேராசிரியை எழுந்தார். அறைக்கு வந்து தாயின் நாற்காலியில் உட்கார்ந்தார். கறுப்புக் கண்ணாடியைத் தானே எடுத்து மாட்டிக்கொண்டார். கையக்கா துணிக்குப் பின்னால் போனார். ஆறு வாத்து காட்டினார்.

"இன்னொரு தடவை," என்றது ஒரு குரல்.

இன்னும் ஆறு.

"எந்த முழங்கால்?"

"இடது, மேடம்."

"ஆரம்பத்துலேர்ந்தேவா?"

"இங்க வேலைக்கு வர்றதுக்கு மூணு வருஷம் முன்னாலேர்ந்து."

"அப்ப யாருக்குமே தெரியாம..."

"பிள்ளைங்களுக்குத் தெரியும் மேடம்."

கறுப்புக் கண்ணாடியைக் கழற்றாமலே பேராசிரியை கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். அதை யார் எடுக்கச் சொல்வது? பக்கத்து அறைக் கதவு லேசாகத் திறந்து ஒரு மீசை எட்டிப் பார்த்துவிட்டு மறுபடி மூடிக்கொண்டது.

பேராசிரியை அறிவியலாளர். நம்பிவிடவில்லை, சோதித்தார். கையக்காவைச் சக்கரம் வைத்த குட்டை முக்காலியில் உட்காரவைத்து, முழங்கால் மடங்காமல், எண்ணெய் போட்ட சக்கரத்தில் ஓசையில்லாமல் நகரச் சொல்லி, பதினாறு குழந்தைகளை வரவழைத்தார். பதினொரு வருஷத்தில் கையக்கா வலியில்லாமல் வேலை செய்த மூன்று வாரங்கள் அவை. அந்த மூன்று வாரத்தில் வாத்து, குழந்தைக்குக் குழந்தை, கொஞ்சம் கொஞ்சமாகச் செத்தது. வாத்து எங்கிருந்து வந்தாலும் ஏழு செகண்ட். கொட்டாவி. பதினாறாவது குழந்தை முடிந்த அன்று பேராசிரியை மூன்று மணிக்கே வீட்டுக்குப் போனார். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கினார்.

மறுநாள் குழுவுக்கு வேறு கடிதம் போனது. கட்டுரைகளைத் திரும்பப் பெறுகிறேன் என்று இன்னும் இரண்டு கடிதங்கள் வெளியூருக்குப் போயின. அந்த அறையின் வரலாற்றிலேயே வாத்தை அமைதியாகப் பார்த்த முதல் இருபத்தெட்டுக் குழந்தைகள் மாணவியுடையவை என்று ஆயிற்று. அதையே வைத்து ஆய்வேட்டை எழுதி முடிக்கக் குழு அவளுக்கு ஜூன் வரை நேரம் கொடுத்தது. அவளுடைய கை தூங்குகிறது என்று சொன்னதற்குப் பேராசிரியை வருத்தம் தெரிவித்தார். எல்லோர் எதிரிலும் சொல்லியிருந்ததால், எல்லோரையும் கூப்பிட்டு நிற்கவைத்தே தெரிவித்தார். எல்லோரும் என்றால் மூன்று பேர்.

மாணவி பொம்மைத் தொட்டியடியில் கையக்காவைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"உங்க வேலை என்னக்கா ஆகும்?"

"மார்ச் வரைக்கும் இருக்கு."

"அப்புறம்?"

"உக்காந்து பாக்குற வேலையா தேடணும். அந்த யானைய எடு, அதக் கழுவல."

பொத்தான் அண்ணன் பத்து நாள் கையக்காவிடம் பேசவில்லை. பதினோராம் நாள் வந்து, தனக்குத் தேர்வுப் பிரிவில் இடம் போட்டுவிட்டார்கள் என்றும், அங்கே ஜன்னல் இருக்கிறது என்றும், பதினொரு வருஷத்துக்குப் பிறகு வெளியே மழை பெய்கிறதா என்று யாரையும் கேட்காமல் தெரிந்துகொள்ளலாம் என்றும் முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டே சொன்னார். மன்னித்துவிட்டார் என்று அர்த்தம்.

இத்தோடு முடிந்திருந்தால் கையக்கா மார்ச் வரை கொஞ்சம் காலாற உட்கார்ந்திருப்பார். ஆனால் பல்கலைக்கழகத்தில் அறநெறிக் குழு என்று ஒன்று இருக்கிறது. ஏதாவது நடந்து முடிந்த பிறகு கூடுவது அதன் வழக்கம். அது கூடி, பங்கேற்ற நானூற்றுப் பன்னிரண்டு குடும்பங்களுக்கும் உண்மை அறிவிக்கப்பட வேண்டும், யார் அழைத்தாரோ அவரே அறிவிக்க வேண்டும் என்று முடிவெடுத்தது. படிக்க வேண்டிய நான்கு வரியையும் அவர்களே எழுதிக் கொடுத்தார்கள். அதில் முழங்கால் என்ற சொல் இல்லை. 'எதிர்பாராத செவிப்புலக் காரணி' என்று இருந்தது.

முதல் நாளே கையக்கா அந்த நான்கு வரியைப் படிப்பதை விட்டுவிட்டார். படித்தால், "செவிப்புலம்னா? என் பொண்ணுக்குக் காது கேக்காதா?" என்று எதிர்முனையில் அழ ஆரம்பித்தார்கள். பாதிப் பேர் எண்ணை மாற்றியிருந்தார்கள். ஒருவர் எதற்கோ காப்பீடு விற்கிறார்கள் என்று நினைத்துத் திட்டினார். ஒரு தகப்பனார் முழுவதையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, வாத்தின் நிறம் என்ன என்று மட்டும் கேட்டார். இன்னொருவர் வீட்டில் அந்தக் குழந்தையே எடுத்து, அம்மா குளிக்கிறாள் என்றது. எல்லாவற்றுக்கும் பட்டியலில் ஒரு டிக்.

முப்பத்தேழாவது தாய், பெயரைச் சொன்னதுமே கையக்காவை அடையாளம் கண்டுகொண்டார்.

"அய்யோ, நீங்களா! எங்க பையன் அப்ப அஞ்சு மாசம். இப்ப பத்து வயசு ஆகுது. நீங்க அன்னைக்கு ஒரு சான்றிதழ் குடுத்தீங்க, 'இளம் விஞ்ஞானி'ன்னு. ஃபிரேம் போட்டு மாட்டியிருக்கோம். அவன் கணக்குல சைபர் வாங்கும்போதெல்லாம் அதக் காட்டித்தான் அவங்கப்பாவ அடக்குவேன்."

கையக்கா விஷயத்தைச் சொன்னார். பின்னணியில் யாரோ பாத்திரத்தை வைக்கும் சத்தம்.

"அப்ப அதக் கழட்டணுமாங்க?"

நான்கு வரியில் ஃபிரேமைப் பற்றி எதுவும் இல்லை. கையக்கா தாளைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கமும் வெறுமையாக இருந்தது.

"வேணாம்மா. அவன் சரியாத்தான் பாத்தான். சத்தம் வந்துச்சு, சத்தம் வந்த பக்கம் பாத்தான். நாங்கதான் வாத்தைப் பாக்குறான்னு எழுதிக்கிட்டோம்."

"அப்ப என் பையன் புத்திசாலிதானே?"

"அன்னைக்கு அந்த ரூம்ல இருந்த எங்க எல்லாரையும் விட."

"இத ஒரு பேப்பர்ல எழுதிக் குடுப்பீங்களா? அவங்கப்பா நம்ப மாட்டாரு."

எழுதித் தருவதாகச் சொன்னார். முகவரியைக் குறித்துக்கொண்டார். டிக் போட்டார். இடது காலைத் தூக்கி எதிர் நாற்காலியில் வைத்துக்கொண்டு முப்பத்தெட்டாவது எண்ணை அழுத்தினார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை.